பதினோரு வெட்டுமுனைகள்

அத்தான் அந்தத் துண்டைப் பழைய தலையணை உறையில் சுற்றி வைத்திருந்தார். நான் இரவு வேலை முடித்துக் காலை ஏழரை மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனதும், உள்ளறையிலிருந்து எடுத்துவந்து சமையல் மேடைமேல் வைத்தார்.

"அதை அங்க வைக்காதீங்க," என்றாள் அக்கா. "செத்தவரு மிதிச்சது."

அவர் அதை எடுத்துத் தரையில் வைத்துப் பிரித்தார். மஞ்சள் நிற ஃபைபர் பலகை, கை நீளத்துக்கு ஒரு துண்டு. கட்டங்கட்டமாக இடைவெளி விட்டிருக்கும். மேலே நடக்கிறவனுக்குக் கீழே இருப்பது தெரியும். அத்தான் வேலை செய்யும் ஆலையில் இரும்புக் குழாய்களை அமிலத் தொட்டிகளில் முக்கித் துருவெடுப்பார்கள். தொட்டிகளுக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு நடைபாலம். முன்பு அது இரும்பில் இருந்தது. அமில ஆவி அதை வருடத்துக்கொரு முறை தின்று தீர்த்ததால் ஃபைபருக்கு மாற்றினார்கள். மாற்றியது அத்தானும் அவருடைய உதவி ஃபிட்டரும். அந்த உதவி ஃபிட்டர்தான் ஒன்பது நாளைக்கு முன்னால் இந்தப் பலகை உடைந்து, இரண்டு தொட்டிகளுக்கு நடுவே சிமெண்டுத் தரையில் விழுந்து செத்தவர்.

அவரை எல்லோரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ரகசியம் சொல்கிறேன் என்று அவர் ஒருவர் காதருகே குனிந்தால் அது மூன்று தொட்டி தள்ளி நிற்கிறவனுக்கும் கேட்கும். அக்கா வீட்டில் அவரோடு இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன். "தம்பி, நீ படிப்பை விட்டதே நல்லது. முடிச்சிருந்தா எனக்கே அதிகாரியா வந்து என் உயிரை எடுத்திருப்பே," என்று சொல்லி, அவரே சிரித்து, அவருக்கே புரையேறியது.

நான் பொறியியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. காலையில் எழ முடியவில்லை. காலையில் எழத் தேவையில்லாத வேலை ஒன்று ஒரு சோதனைக்கூடத்தில் கிடைத்தது. ஃபைபர் துண்டுகளை அமிலத்திலும் காரத்திலும் உப்புநீரிலும் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு எடுத்து உடைத்துப் பார்ப்போம். இரவெல்லாம் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

"நீ சோதிச்சுச் சொல்லு மச்சான்," என்றார் அத்தான். "பொருள் கெட்டதா, இல்ல வேற ஏதாவதா."

"வேற என்ன இருக்கு?" என்றாள் அக்கா. "பொருள்தான். வித்தவன் ஏமாத்திட்டான். ஆலையிலயும் அதைத்தானே சொல்றாங்க?"

நான் துண்டைக் கையில் எடுத்து உடைந்த பக்கத்தைப் பார்த்தேன்.

நல்ல ஃபைபர் உடைந்தால் உடைந்த இடம் துடைப்பம் மாதிரி இருக்கும். கண்ணாடி இழைகள் நீளமும் குட்டையுமாகப் பிய்ந்து நிற்கும். ஒவ்வொன்றும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அறும். அமிலம் உள்ளே போன ஃபைபர் அப்படி உடையாது. பிஸ்கட் போல ஒடியும். அமிலம் கண்ணாடிக்குள் இருக்கிற சுண்ணத்தையும் அலுமினியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய்விடும். இழை பார்வைக்கு முன்பு போலவே இருக்கும். பலம் மட்டும் இருக்காது.

என் கையில் இருந்த துண்டில், ஓரத்திலிருந்து நாலு விரல் அகலத்துக்குப் பிஸ்கட். அதற்கப்புறம் துடைப்பம்.

அந்த ஓரம் ஆலையில் அறுத்த ஓரம். பலகையின் மேலும் கீழும் பிசின் மூடியிருக்கும்; அமிலம் அந்த வழியாகச் சுலபத்தில் நுழையாது. ரம்பம் போட்டு அறுத்த இடத்தில்தான் ஆயிரக்கணக்கான இழைகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அறுத்தவுடன் அங்கே பிசின் பூசி மூட வேண்டும். பூசினால் நகப்பூச்சு போலப் பளபளக்கும். இது பளபளக்கவில்லை. ரம்பப் பல்லின் கோடுகள் அப்படியே தெரிந்தன.

அரை நிமிடம்கூட ஆகவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஓரத்தையும் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோதிக்கணும்னா நாப்பத்தஞ்சு நாள் ஆகும்," என்றேன்.

"ஆகட்டும்," என்றார். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் சம்மதித்து நான் பார்த்ததில்லை.

அக்கா வாசல்வரை கூடவே வந்தாள். "நல்லபடியா வரும்ல?"

"வர்றதுதான் வரும்."

"உன் வாயில ஒரு நல்ல வார்த்தை வராதே. அவரு தூங்கி ஒன்பது நாளாச்சுடா. ராத்திரியெல்லாம் சுவரைப் பாத்து உக்காந்திருக்காரு. அவரு மேல ஏதாவது வந்துச்சுன்னா நீ வாயத் திறக்காதே. எங்கிட்டகூடச் சொல்லாதே."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்த் தூங்கினேன்.

பலகையில் கெடாமல் இருந்த பகுதியிலிருந்து பதினாறு பட்டைகள் அறுத்தேன். எட்டுக்கு ஓரங்களில் பிசின் பூசினேன். எட்டை அறுத்தபடியே விட்டேன். பதினாறையும் அத்தானின் ஆலையில் புழங்கும் அதே அமிலத்தில், அதே அளவில் நீர் கலந்து, அறுபது டிகிரி சூட்டில் இறக்கினேன். சோதனைக்கூடத்துத் தலைவியை நாங்கள் மேடம் என்போம். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"சொந்த வேலையா?"

"ஆமா மேடம்."

"பதிவேட்டுல எழுதிட்டுச் செய். செய்யறதா இருந்தா முழுசாச் செய். பாதியில விடறது உனக்குக் கைவந்த கலை."

ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள், நாற்பத்தைந்தாம் நாள் என்று நாலு தடவை எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பூசியது இரண்டு, பூசாதது இரண்டு. பட்டையை இரண்டு தாங்கிகளுக்கு மேல் பாலம் போல வைத்து, நடுவில் எந்திரத்தால் அழுத்துவோம். ஊறப்போடாமல் தனியே அறுத்த பட்டை முந்நூற்றைம்பது கிலோ பாரத்தில் உடைந்தது. ஏழாம் நாள் பூசியது முந்நூற்று நாற்பத்தைந்து, பூசாதது முந்நூறு. பதினைந்தாம் நாள் பூசியது முந்நூற்று முப்பத்தைந்து, பூசாதது இருநூற்று நாற்பது. பூசாதவை உடையும்போது சத்தமும் மாறியது. முதலில் விறகு பிளப்பது போல இருந்தது. போகப் போக சாக்பீஸ் ஒடிவது போல ஆனது.

நடுவில் அக்கா மூன்று முறை போன் செய்தாள். "இன்னும் முடியல," என்றேன். அது பொய் இல்லை. அதனால்தான் சொல்ல வசதியாக இருந்தது.

முப்பதாம் நாள் பூசாத பட்டை நூற்றுத் தொண்ணூறில் போனது. அன்று அக்கா வீட்டில் சாப்பிட்டேன். அத்தானுக்கு மதிய ஷிப்ட் என்பதால் அவரும் கூட உட்கார்ந்திருந்தார். அவர் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. "பாருடா, இப்பத்தான் ரெண்டு வாய் ஒழுங்காச் சாப்பிடறாரு," என்றாள் அக்கா, குழந்தையைக் காட்டுவது போல.

"பாலத்தை மூடிட்டாங்கல்ல?" என்று கேட்டேன்.

"மூடிட்டா வேலை எப்படி மச்சான் நடக்கும்? உடைஞ்ச எடத்துல புதுப் பலகை போட்டாச்சு. நான்தான் போட்டேன்."

"மத்ததெல்லாம்?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அன்னைக்கு மொத்தம் எத்தனை அறுத்தீங்க?"

அவர் கை நின்றது. "பதினொண்ணு. தூணுக்குத் தூண் அளவு மாறும்ல. அதான்."

"எல்லாத்துக்கும் ஒரே நாள்ல..."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா," என்று குறுக்கே வந்தாள் அக்கா. கரண்டி என் தட்டில் இடித்தது. அவள் பார்வையை நான் பார்த்தேன். போட்டுக்கொண்டேன்.

ஆக, பத்துப் பலகைகள் இன்னும் அங்கேயே இருந்தன. முப்பது நாளாக அவற்றின்மேல் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பாலத்தை மூடியிருப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல வேண்டி வந்திருக்கும். இப்போது கேட்டும் ஆயிற்று. அப்போதும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். தூக்கமும் வந்தது.

முப்பத்தெட்டாம் நாள் காலை, வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆலையின் சாம்பல் நிறச் சட்டை, இரண்டு அளவு பெரிய பூட்ஸ். சாவு வீட்டில் பார்த்த முகம் என்பது தெரிய நேரமானது. சைரனின் மனைவி.

"அண்ணனோட மச்சான்தானே நீங்க? நானும் அங்கதான் போறேன். போன வாரம் வேலை போட்டுக் குடுத்தாங்க."

"என்ன வேலை?"

"தொட்டியில சூடு பாக்கறது. மணிக்கொரு தடவை மேல ஏறி, பன்னெண்டு தொட்டியிலயும் தெர்மாமீட்டர விட்டு எடுத்து எழுதணும். எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும்னாங்க."

"மேலன்னா... பாலத்துமேலயா?"

"பின்ன, பறந்தா போக முடியும்? முத நாள் கால் வரல. அண்ணன்தான் கூட வந்தாரு. 'பயப்படாதேம்மா, நான் தினமும் ஒவ்வொரு முனையிலயும் ஏறி நின்னு, குதிச்சுப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்'னாரு. அதுக்கப்புறம் பயம் போச்சு." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "அதுவுமில்லாம எங்க வீட்டுக்காரரவிட நான் இருபது கிலோ கம்மி. பாலத்துக்கு இப்பத்தான் நிம்மதி."

அவளே சொல்லி அவளே சிரித்தாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். நான் ஏறவில்லை.

சோதனைக்கூடத்துக்குத் திரும்பிப் போய் மிச்சமிருந்த நாலு பட்டைகளையும் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவினேன்.

"இன்னும் ஏழு நாள் இருக்கே," என்றார் மேடம். "இதுவும் பாதியிலயா?"

"ஆமா மேடம்."

பூசியவை முந்நூற்றுப் பதினெட்டு, முந்நூற்றுப் பதினைந்து. பூசாதவை நூற்றைம்பத்தைந்து, நூற்று நாற்பத்தொன்பது. உடைந்த துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆலைக்கு ஆட்டோ பிடித்தேன். வழியில் அக்காவுக்குப் போன் செய்தேன். அத்தானை வாசலுக்கு வரச் சொல்லவேண்டும், வேறொன்றும் இல்லை. ஆனால் அவளுக்கு என் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"டேய், வேண்டாம்டா. ஆலையே பொருள் மட்டம்னு எழுதி முடிச்சிடுச்சு. நீ ஏன் கிளறணும்?"

"அந்தப் பொம்பள அதுமேல நடக்குதுக்கா."

"யாரு?"

"சைரன் பொண்டாட்டி."

"உனக்கு உன் கூடப்பிறந்தவளவிட அவ பெரிசாப் போயிட்டாளா?" என்றாள். அதற்குப் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

ஆலை வாசலில் காவலாளியிடம் சொல்லி அனுப்ப, அத்தான் சைக்கிள் கொட்டகைக்கு வந்தார். கையுறையைக் கழற்றவில்லை. நான் இரண்டு துண்டுகளை நீட்டினேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது எது?"

"பூசாதது. நூத்தம்பது."

"பூசினது?"

"முந்நூத்திப் பதினஞ்சு."

அவர் தலையை ஆட்டினார். "நான் தினமும் ஏறி நின்னேன் மச்சான். பத்துலயும். குதிச்சும் பாத்தேன். ஒண்ணும் ஆகல. அப்ப நம்ம மேல தப்பில்ல, அந்த ஒரு பலகைதான் கோளாறுன்னு..."

"இன்னைக்கு உடையலன்னா நாளைக்கு உடையாதுன்னு இல்ல அத்தான். ஆசிட் உள்ள இருக்கறப்போ மேல பாரம் விழுந்தா, விரிசல் மயிரளவு மயிரளவா உள்ள போகும். நீங்க குதிச்சது அதுக்குக் கைகொடுத்த மாதிரிதான்."

இதை இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். வேறு எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

அவர் ஒரு சைக்கிளின் பின்சீட்டில் சாய்ந்துகொண்டார். "அன்னைக்குப் பூசற ரெசின்ல, அதை இறுக வைக்கற ஹார்டனர் கூடிப்போச்சு. பலகைய அறுத்து முடிக்கறதுக்குள்ள மக்கோட இறுகிக் கல்லாயிடுச்சு. மறுபடி கலக்கணும்னா ஸ்டோருக்குப் போகணும். நாலு மணிக்கு லைன் ஓடியாகணும்னு மேனேஜர் தலைமேல நிக்கறான். நாளைக்குப் பூசிக்கலாம், இப்ப போல்ட்டப் போடுடான்னேன். மறுநாள் பாத்தா கீழ ஆசிட் ஓடுது. முனையெல்லாம் உத்தரத்துமேல உக்காந்திருக்கு. பூசணும்னா எல்லாத்தையும் கழட்டணும்." கையுறையால் மூக்கைத் துடைத்தார். "அவன் ரெண்டு தடவை சொன்னான். 'அண்ணே, அந்த முனை.' அவன் தொண்டைதான் உனக்குத் தெரியுமே. ஊருக்கே கேக்கற மாதிரி கத்தாதடான்னு எல்லார் முன்னாடியும் திட்டினேன். அப்புறம் அவன் கேக்கல."

ஒரு லாரி உள்ளே வந்து நின்றது. காவலாளி அதன் எண்ணை எழுதிக்கொண்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"துண்டைப் பாத்த அன்னைக்கே."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப நாப்பது நாளா ரெண்டு பேரும் எதைடா சோதிச்சோம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

அவள் ஏழாவது தொட்டிக்கு மேலே நின்றுகொண்டிருந்தாள். பாலத்தின் கைப்பிடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். கீழே அமிலம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, அங்கேயே நில்லு!" என்று கத்தினார் அத்தான். "அசையாதே. நான் சொல்றபடி வா."

"என்னண்ணே?"

"பலகை முடியற எடத்தை மிதிக்காதே. ரெண்டு பலகை சேர்ற எடம் இருக்குல்ல, உத்தரத்துக்குப் பக்கத்துல, அதைத் தாண்டி எட்டி வை. கைப்பிடியை விடாதே. ஆ, அப்படித்தான். நடுவுல வா. இப்பத் தாண்டு."

பூட்ஸ் பெரிதாக இருந்ததால் ஒவ்வொரு தாண்டலுக்கும் அவள் நின்று, கீழே பார்த்து, காலைத் தூக்கினாள். ஆறு இடம். அத்தான் கீழே அவளுக்கு நேராக, கைகளை அரைகுறையாகத் தூக்கியபடி, தொட்டிகளை ஒட்டியே கூட நடந்துவந்தார். விழுந்தால் பிடித்துவிட முடியும் என்பது போல. கடைசியில் அவள் படியிறங்கி வந்தபோது மேனேஜரும் இன்னும் நாலைந்து பேரும் கூடியிருந்தார்கள்.

அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். இறுகிப்போன மக், நாளைக்குப் பூசலாம் என்றது, இரண்டு தடவை ஞாபகப்படுத்தியது, திட்டியது. எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். "என்னய்யா பேசறே? பொருள் மட்டம்னு அறிக்கை போயாச்சு. வா, ஆபீஸ்ல உக்காந்து பேசிக்கலாம்."

"பத்துப் பலகையக் கழட்டணும் சார். அப்புறம் எங்க வேணும்னாலும் உக்காரலாம்."

லைனை நிறுத்தினார்கள். அத்தானே மூன்றாம் தொட்டிக்கு மேலிருந்த முதல் பலகையின் போல்ட்டைக் கழற்றினார். இரண்டு பேர் கொக்கி போட்டுத் தூக்கினார்கள். பலகை எழுந்தது. அதன் முனை மட்டும் உத்தரத்திலேயே தங்கிவிட்டது. பத்தில் நாலு அப்படி வந்தன. மற்ற ஆறு முழுதாக வந்தன. அவர் குதித்துப் பார்த்தபோது அந்த நாலும்கூடத் தாங்கத்தான் செய்தன.

சைரனின் மனைவி நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். அழவில்லை. நாலாவது முனையும் தனியாக வந்த பிறகு அத்தானிடம் போனாள்.

"அவரு சொன்னது சரிதானா அப்ப?"

"சரிதாம்மா."

"தெரிஞ்சுதான் என்னையும் மேல கூட்டிட்டுப் போனீங்களா?"

அத்தான் வாயைத் திறந்தார். "நான் நின்னு பாத்தேன்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "தெரியாம இல்ல," என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க? காலைல பஸ் நிறுத்தத்துல நான் லூசு மாதிரி சிரிச்சுப் பேசிட்டிருந்தேனே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"முப்பத்தெட்டு நாளா."

அவள் அதை மனத்துக்குள் எண்ணிப் பார்ப்பது போல நின்றாள்.

மணி பன்னிரண்டு ஆகப்போனது. லைன் நின்றாலும் தொட்டிகளின் சூடு எழுதியாக வேண்டும். பாலம் இப்போது வெறும் உத்தரங்களும் ஓட்டைகளுமாக இருந்தது. மூலையில் ஒரு மரஏணி சாய்த்திருந்தது. அவள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து முதல் தொட்டியின் விளிம்பில் சாய்த்தாள். அது அவளைவிட உயரம். அடி வழுக்கியது. நானும் அத்தானும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனோம்.

"தொடாதீங்க," என்றாள். "ரெண்டு பேரும்."

பூட்ஸ் நுனியால் ஏணியின் அடியை அணைத்துச் சரிசெய்துகொண்டு, தெர்மாமீட்டரைப் பல்லில் கடித்தபடி மேலே ஏறினாள். சூட்டைப் பார்த்தாள். கீழே இறங்கி எழுதினாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது தொட்டிக்குப் போனாள். இன்னும் பதினொன்று இருந்தன. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம்.